வாடகை வீடும் சாதிக் கேள்வியும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்சத்தில் இடம் கிடைப்பதைப் பற்றியதல்ல. தூத்துக்குடியில் ஒரு வாடகை வீடு கிடைப்பதைப் பற்றியதேயாகும். மோட்சத்திற்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கைக்கு அடங்கிய வாடகையில் ஓர் அறையும், அடுப்படியும், தண்ணீர்க் குழாயும் உள்ள வீட்டிற்கு வழி சொல்லத்தான் ஆள் இல்லை.

இவ்வூர் பிழைக்க வருகிறவர்களால் வளர்ந்த ஊர். 1974இல் இது பெருந்துறைமுகமாயிற்று. உரத் தொழிற்சாலை வந்தது. அனல் மின் நிலையம் வந்தது. 2025 ஆகஸ்டில் மோட்டார் கார்த் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது. வேலைக்கு ஆள் வேண்டுமென்கிறவர்கள், அந்த ஆள் இரவில் எங்கே படுப்பான் என்று யோசிப்பதில்லை. ஆள் பெருகி வீடு பெருகாவிட்டால் வாடகை ஏறும் என்பதற்குப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.

சரி, ஏறின வாடகையைக் கொடுக்கத் தயாராகப் போனால் வீடு கிடைத்துவிடுகிறதா? வீட்டுக்காரர் முதலில் சம்பளத்தைக் கேட்பதில்லை. "சொந்த ஊர் எது?" என்கிறார். பிறகு "ஊரில் எந்தத் தெரு?" என்கிறார். அதற்கும் பிடிபடாவிட்டால் "நீங்க என்ன ஆளு?" என்று நேராகவே கேட்டுவிடுகிறார். பதில் பிடிக்காவிட்டால், "நேற்றுத்தான் ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்" என்கிறார். அந்த அட்வான்ஸ் கொடுத்தவர் மாதம் மூன்றாகியும் குடிவருவதில்லை. வாசலில் "வீடு வாடகைக்கு" என்ற அட்டையும் இறங்குவதில்லை. இன்னும் சிலர் மீன் சமைக்கக் கூடாதென்கிறார்கள். மீன்பிடித் துறைமுகத்தை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

நாம் கேட்கிறோம்: உப்பளத்தில் வெயிலில் வெந்து வாருகிறவன் கை பட்ட உப்பு இவர் வீட்டுச் சாம்பாரில் இருக்கிறதே, அதற்கு இவர் சாதி கேட்டாரா? இக்கடலில் 1961இல் கடைசியாக முத்துக் குளித்தார்களே, அந்த முத்தை அணிந்த சீமாட்டிகள் மூழ்கி எடுத்தவன் யாரென்று விசாரித்தார்களா? 1927இல் நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்து வல்லநாட்டிலிருந்து தாமிரவருணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்தார். அது இன்ன தெருவுக்கு மட்டும் என்றா வந்தது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த வெள்ளம் கோத்திரம் கேட்டா வீடு புகுந்தது? உப்புக்கும், தண்ணீருக்கும், வெள்ளத்திற்கும் இல்லாத சாதி, நான்கு சுவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

"என் வீடு, என் இஷ்டம்" என்பார்கள். வாடகை ஒழுங்காக வருமா, வீட்டைச் சுத்தமாக வைப்பார்களா என்று பார்க்க அவருக்குப் பூரண உரிமை உண்டு. ஆனால் சாதி இவற்றில் எதற்கு அளவுகோல்? சொந்தச் சாதிக்காரனிடம் வாடகை பாக்கி விழுந்து அலைகிறவர்கள் இவ்வூரில் இல்லையா?

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. குடியிருப்பதைத் தீண்டாமையின் பேரால் தடுப்பது 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படியே குற்றம். ஆனால் "வீடு போய்விட்டது" என்ற பொய்யை எந்தப் போலீஸ் பிடிக்கும்? டில்லிப் பக்கத்தில் ஒரே மாதிரி வருமானமுள்ளவர்களாக வீடு கேட்டுப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2015இல் வெளிவந்தது. தாழ்த்தப்பட்டோர் பலருக்கும், முஸ்லிம்களுக்கு அதைவிட அதிகமாகவும், கதவு சாத்தப்பட்டதை அது காட்டிற்று. ஆகவே இது தூத்துக்குடிக்கு மட்டும் உள்ள வியாதியல்ல.

தோழர்களே! வீடு தேடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நம் மக்கள் ஆடியிலும் மார்கழியிலும் குடிபோக மாட்டார்கள்; தெற்கு வாசல் என்றால் பயப்படுவார்கள். அப்பயம் இல்லாதவர்கள் அம்மாதங்களில்தான், அவ்வீடுகளைத்தான் தேட வேண்டும். போட்டியில்லாத இடத்தில் பேரம் படியும். மூடநம்பிக்கை இல்லாததற்குக் கைமேல் கிடைக்கும் கூலி இது! வாஸ்து பார்ப்பதற்குப் பதிலாக, 2023 வெள்ளத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றதென்று பக்கத்து வீட்டில் கேளுங்கள்.

2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவும் செய்ய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ஆனால் வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய என்று அதிலேயே ஒரு சந்தும் வைத்திருக்கிறார்கள். ஆதலால் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பாருங்கள். சண்டை வந்தால் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த வீட்டுக்காரருக்கு அதிகாரமில்லை.

கடைசியாக, வீடு வைத்திருக்கும் தோழர்களுக்கு ஒன்று. மேடையில் சாதி ஒழிய வேண்டுமென்று கைதட்டிவிட்டு, மாடிப் போர்ஷனுக்கு ஆள் வந்தால் என்ன ஆளென்று கேட்பீர்களானால் அந்தக் கைதட்டலுக்கு என்ன அர்த்தம்? அடுத்த முறை அட்டை தொங்கவிடும்போது, "வீடு வாடகைக்கு, சாதி மதம் கேட்பதில்லை" என்று எழுதித் தொங்கவிடுங்கள். இதற்குச் சட்டம் வேண்டாம், சர்க்கார் வேண்டாம், ஒரு சாக்குக்கட்டியே போதும். ஒரு தெருவில் ஒருவர் எழுதினால், கேட்கிற மற்றவருக்குக் கொஞ்சமாவது வெட்கம் வரும். அந்த வெட்கத்தை உண்டாக்குவதுதான் நம் வேலையென்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.