காறலைத் தடுக்கும் நறுமண எண்ணெய்கள்

(கரோல் பாகில் ஆற்றிய உரை)



இங்கு வந்திருப்போரில் பலர் அஜ்மல் கான் சாலையைக் கடந்தே வந்திருப்பர். அச்சாலைக்குப் பெயர் தந்த ஹக்கீம் அஜ்மல் கானின் முயற்சியால் எழுந்த ஆயுர்வேத, யுனானி திப்பியாக் கல்லூரி கரோல் பாகிலேயே உள்ளது. 1916-இல் வைஸ்ராய் ஹார்டிஞ்சு பிரபு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1921-இல் காந்தியடிகள் திறந்து வைத்தார். அங்கு ஆராய்ச்சி நடத்திய டாக்டர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி, 1931-இல் சர்ப்பகந்தா வேரிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்து, ஹக்கீமின் நினைவாக 'அஜ்மலின்' எனப் பெயரிட்டார். அவ்வேர் நல்லது என்பது நெடுநாளைய நம்பிக்கை. அதில் எப்பொருள் உள்ளது, அது என்ன செய்கிறது என்பதை அறிய வழி வகுத்தது அந்த ஆய்வு. நறுமண எண்ணெய்கள் பற்றி இன்று கூறப்படுவனவற்றையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் தகும்.

எண்ணெயும் நெய்யும் நாட்பட்டால் காறுவது ஏன்? காற்றிலுள்ள பிராணவாயு கொழுப்புடன் சேரும்போது நிலையற்ற மூலக்கூறுகள் தோன்றுகின்றன. ஒன்று அடுத்ததைக் கெடுக்க, அது வேறொன்றைக் கெடுக்கச் சங்கிலி நீள்கிறது. கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜினாலும் ஓம எண்ணெயிலுள்ள தைமாலும் பீனால் வகையைச் சேர்ந்தவை. அவை தம்மிடமுள்ள ஹைட்ரஜன் அணு ஒன்றை ஈந்து அம்மூலக்கூறை அடக்க, சங்கிலி அறுபடுகிறது. ஆக்சிகரணத் தடுப்பு என்பது இதுவே.

எல்லா நறுமண எண்ணெய்களுக்கும் இத்திறன் ஒரே அளவில் இல்லை. இந்தியா மிகுதியாக ஏற்றுமதி செய்யும் புதினா எண்ணெயில் மேலோங்கி நிற்கும் மென்தால், பீனால் அன்று. இத்திறன் அதற்குக் குறைவே. ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலுள்ள லிமோனீனோ காற்றுப்பட்டால் தானே ஆக்சிகரணம் அடைந்து கெடும். காவற்காரனுக்கே காவல் வேண்டிய நிலை!

ஆய்வுக்கூடத்தில் இத்திறனை அளக்க ஊதா நிறக் கரைசல் ஒன்று பயன்படுகிறது. தடுப்பான் சேர்ந்ததும் ஊதா மங்கி மஞ்சளாகும். சோதனைக் குழாயில் நிறம் மாறியதைக் கொண்டு, அவ்வெண்ணெயைப் பருகினால் முதுமை அகலும், புற்றுநோய் அணுகாது என விளம்பரம் செய்வோர் உளர். குடல் எவ்வளவு ஏற்கும், ஈரல் அதனை எவ்வாறு மாற்றும் என்பன வேறு கேள்விகள். கிராம்பு எண்ணெயை விழுங்கிய குழந்தைகளுக்கு ஈரல் கடுமையாகப் பழுதுற்ற நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. பணம் கொடுத்து ஏமாறுவதோடு இவ்விஷயம் முடிவதில்லை.

எனவே இவ்வெண்ணெய்களின் பயனை மருந்துப் புட்டியில் தேடுவதைவிட உணவுப் பண்டத்தில் தேடுவது பொருத்தம். இன்று சமையல் எண்ணெய்களில் பெரும்பாலும் செயற்கைத் தடுப்பான்களே சேர்க்கப்படுகின்றன. அவற்றுக்கு உச்சவரம்பு உண்டு; விலையும் மலிவு. ஓம எண்ணெயோ கிராம்பு எண்ணெயோ போதிய அளவு சேர்த்தால் மணம் பண்டத்தையே ஆட்கொண்டுவிடும். ஊறுகாய்க்கும் ஓமப்பொடிக்கும் அது குறையன்று. பிற பண்டங்களுக்குப் பெருங்குறை. ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் உணவுச் சேர்க்கையாக அனுமதித்த ரோஸ்மேரிச் சாற்றில் முதன்மையாக வேலை செய்வது ஆவியாகும் எண்ணெயன்று. கார்னோசிக் அமிலம் முதலிய பொருள்களே. ஆதலால் மணத்தை நீக்கியும் அதைப் பயன்படுத்த முடிகிறது. இந்நுட்பம் கவனிக்கத்தக்கது.

பொருளாதாரக் கண்ணோட்டத்தில் ஓமத்தின் வரலாறு படிப்பினை மிக்கது. முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓம விதை ஜெர்மனிக்குக் கப்பலேறியது. தைமால் அங்கேதான் எடுக்கப்பட்டது. கச்சாப் பொருளின் விலை இங்கே தங்கியது, ரசாயனத்தின் இலாபம் அங்கே சேர்ந்தது. இன்று அந்நிலை இல்லை. 1959-இல் தோன்றிய லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிலையம் மேம்பட்ட ரகங்களைத் தருகிறது. கன்னோஜில் 1991-இல் நிறுவப்பெற்ற நறுமண, சுவை மேம்பாட்டு மையம் வாலை வடிக்கும் முறைகளில் பயிற்சி அளிப்பதுடன் எண்ணெயின் தரத்தையும் சோதித்துத் தருகிறது.

ஆயினும் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் ஓமம் விளைவிக்கும் விவசாயிக்கு விதையின் எடையும் தோற்றமும் பார்த்தே விலை கிடைக்குமாயின், தைமால் மிகுந்த ரகத்தைப் பயிரிட அவருக்கு என்ன ஊக்கம் இருக்க முடியும்? எண்ணெயின் கூறுகளைப் பிரித்தளக்கும் சோதனைக்குத் தனி விவசாயி செலவிட இயலாது. கூட்டுறவுச் சங்கமோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ உறுப்பினர்களின் விளைச்சலை ஒன்றுதிரட்டி, தொகுதிக்கு ஒரு மாதிரி எடுத்து அனுப்பினால், செலவு பலர்மீது பரவிச் சிறிதாகும். கையில் சான்றிதழுடன் விலை பேசவும் முடியும்.