கோதையும் தையலும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழில் ‘தையல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. துணியைத் தைப்பது ஒன்று. பெண் என்பது மற்றொன்று. ‘கோதை’ என்னும் சொல்லும் அத்தகையதே. தொடுத்த மாலையும் கோதை, மங்கையும் கோதை. திருவில்லிபுத்தூரில் துளசிச் செடியருகே கண்டெடுத்த பெண்மகவுக்குப் பெரியாழ்வார் சூட்டிய பெயரும் அதுவே. கைவினைக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி, அக்கைவினையைக் கலையின் கணக்கில் வைத்திருக்கிறதா? இவ்விழாவில் இந்த அவையின் முன் வைக்கப்படும் வினா இதுதான்.

கவிதைக்குரிய சொற்களிலிருந்தே தொடங்கலாம். யாப்பு என்பது கட்டுதல். தொடை என்பது தொடுத்தல். மோனையும் எதுகையும் தொடை வகைகளே. பனுவல் பஞ்சையும் குறிக்கும், புலவர் செய்யும் நூலையும் குறிக்கும். நூல் என்பதோ இழைக்கும் ஏட்டுக்கும் பொதுவாய் நிற்கும் சொல். இவை தற்செயலாய் அமைந்த ஒற்றுமைகள் அல்ல என்பதை நன்னூலின் பொதுப்பாயிரம் காட்டுகிறது. அங்கே சொல் பஞ்சாகிறது; பனுவல் இழையாகிறது; வாய் கையாகிறது; அறிவு கதிராகிறது. நூல் நூற்கும் இடத்தில் இருப்பவள் ஒரு பெண். புலவன் அவளுக்கு ஒப்பாக உரைக்கப்படுகிறான். அதாவது, நூற்பவள் முன்மாதிரி. புலவன் அவளைப் போலத் தொழில் செய்பவன். இலக்கணம் இவ்வளவு தெளிவாகக் கூறியிருக்க, ‘கைவேலை’ என்ற சொல்லைப் பொழுதுபோக்கின் பெயராக எண்ணும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

பழைய புலவர்கள் அவ்வாறு எண்ணவில்லை. புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தைப் பாடும் இளங்கோவடிகள், வணிகரோடும் பொற்கொல்லரோடும் துன்னகாரரையும் வரிசைப்படுத்துகிறார். துணியாலும் நெட்டியாலும் குற்றமற்ற பொருள்களைச் செய்து பெருக்குவோரையும் அவர் விடவில்லை. புறநானூற்றில் இன்னும் நுட்பமான காட்சி ஒன்று உண்டு. இரவில் வேலியோரம் காட்டுப்பூனை வருகிறது. இளங்கோழி அஞ்சிக் கூவுகிறது. அந்நேரம் பஞ்சின் கோதையும் குப்பையையும் புடைத்தெடுக்க எழுந்திருக்கிறாள் பருத்தி நூற்கும் பெண் ஒருத்தி. அவளுடைய சிறிய விளக்கின் ஒளியில் தன் சேவலைக் கண்டு அக்கோழி அச்சம் தணிகிறது. ஊர் உறங்கும் வேளையிலும் தொடரும் உழைப்பை இவ்வளவு அமைதியாகக் கூறிய பாடல் அரிது.

இதனைப் பாடியவர் தங்கால் பொற்கொல்லனார். தங்கால் என்பது இன்றைய திருத்தங்கல் என்பர். சிவகாசியை அடுத்த ஊர். பாடியவரும் கையால் தொழில் செய்தவர் என்பதை அவர் பெயரே சொல்கிறது. ஊது உலையின் முன் இரவுகளைக் கழிக்கும் ஒருவர் கண்ணுக்கே அடுத்த வீட்டுச் சிறுவிளக்கு தென்படும் போலும். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடியவருக்கு ஊரும் தொழிலுமாவது பெயராக எஞ்சின. நூற்றவளுக்கு அதுவும் இல்லை. அவள் ‘பருத்திப் பெண்டு’ மட்டுமே.

பெயர் எஞ்சாத படைப்பு எப்படிப்பட்டது என்பதை அறியத் திருவில்லிபுத்தூரே போதும். ஆண்டாள் உற்சவத் திருமேனியின் இடக்கரத்தில் ஒரு கிளி அமர்ந்திருக்கும். அது பொன்னால் ஆனதன்று. மரத்தில் செதுக்கியதும் அன்று. மரவள்ளி இலையால் உடல், மாதுளம்பூவால் அலகு, மூங்கிற் குச்சியால் கால், காக்காப்பொன்னால் கண், இவற்றைச் சேர்த்துக் கட்ட வாழைநார். ஒரு கிளியைச் செய்து முடிக்க நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பர். அவ்வளவு பாடுபட்டுச் செய்த கிளியின் ஆயுளோ ஒரு நாள். மறுநாள் புதுக்கிளி வேண்டும். முந்திய நாள் கிளி அடியவர் ஒருவர் கைக்குப் பிரசாதமாய்ப் போய்விடும்.

நாள்தோறும் அதே கிளிதானே, இதில் படைப்பு எங்கே என்று கேட்பவர் உண்டு. நேற்றைய இலையின் அகலம் இன்றைய இலைக்கு இல்லை. நேற்றைய மாதுளம்பூவின் வளைவு இன்றைய பூவுக்கு இல்லை. மழைக்காலத்து நாரின் பதம் வேறு, கோடைக்காலத்து நாரின் பதம் வேறு. உருவம் ஒன்றே, ஆனால் அவ்வுருவத்தை அடையும் வழியை ஒவ்வொரு நாளும் கையே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. வெண்பாவின் தளை எல்லார்க்கும் ஒன்றே. அதற்காக வெண்பா எழுதியவர் அனைவரும் ஒரே பாடலை எழுதிவிடவில்லை. புதுமை என்பது இதுவரை இல்லாத உருவத்தைக் காட்டுவது மட்டுமன்று. அறிந்த உருவத்துக்குள் ஒவ்வொரு முறையும் கை தானே எடுக்கும் முடிவும் புதுமையே. அன்றாடப் படைப்பாற்றல் என்று ஒன்று இருக்குமானால், அது அந்த முடிவிலேயே இருக்கிறது.

ஆண்டாளும் இதனை அறிந்தவள். திருப்பாவையின் முப்பது பாசுரங்களையும் முடிக்கும்போது அவற்றை அவள் மாலை என்றே குறிக்கிறாள். நந்தவனத்தில் பூக்கொய்து தந்தை மாலை தொடுத்த வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குக் கவிதையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் கிடைத்திருக்காது. அவள் செய்த ‘குற்றமும்’ கைவினையோடு ஒட்டியதுதான். இறைவனுக்குரிய மாலையைத் தான் சூடி, கிணற்று நீரில் அழகு பார்த்தாள் என்பது வரலாறு. அந்தக் கண்ணாடிக் கிணறு இன்றும் கோயிலில் உண்டு. இறைவன் விரும்பியது சூடிக் களைந்த அந்த மாலையையே. தைத்த சட்டையை அணிவித்து அளவு பார்க்கும் தையற்காரரும், எழுதிய அடியை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் கவிஞரும் செய்வது இதையன்றி வேறென்ன? கொடுப்பதற்கு முன் தன் உடலிலும் உயிரிலும் வைத்துப் பார்க்கப்படாத மாலை வெறும் பூக்கட்டுத்தான். அந்த மாலைக்கு வந்த மதிப்பும் சிறிதன்று. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை திருப்பதிப் பிரமோற்சவத்துக்கும், சித்திரைத் திருவிழாவில் மதுரைக்கு வரும் கள்ளழகருக்கும் இன்றும் போகிறது.

இந்த மாலை மொழியெல்லையையும் கடந்தது. 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் ஆண்டாள் வரலாற்றைத் தெலுங்கில் ‘ஆமுக்தமால்யதா’ என்னும் காப்பியமாகப் பாடினார். சூடிக் கொடுத்தவள் என்பதே அத்தலைப்பின் பொருள். அதனைத் தமிழாக்கியவர், திருவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராசபாளையத்து அறிஞர் மு. கு. ஜகந்நாத ராஜா. அம்மொழிபெயர்ப்புக்கு 1989ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது.

அவருடைய இராசபாளையம் பூவின் ஊரன்று, பஞ்சின் ஊர். 1936இல் பி. ஏ. சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்ஸ் ஆலையை நிறுவினார். நன்னூல் சொன்ன கதிர் வீட்டுத் திண்ணையிலிருந்து ஆலைக்குள் புகுந்த காலம் அது. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் மருத்துவத் துணி நெய்யப்படுகிறது. தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டிப் பகுதிகளில் வீட்டுக்கு வீடு நைட்டி தைக்கப்படுகிறது. வெட்டிய துணி கட்டுக்கட்டாக வீடு தேடி வரும். தைத்துக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி.

இந்த இடத்தில் நேர்மை வேண்டும். நாளெல்லாம் ஒரே கழுத்தையும் ஒரே கையையும் தைக்கும் பெண்ணைப் பார்த்து ‘நீயும் ஒரு கலைஞர்’ என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. கூலியைப் பற்றிப் பேசாமல் தப்பிக்க உதவும் புகழ்ச்சி அது. கிளி செய்பவரும் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிறார். இவளும் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிறாள். ஆனால் அங்கே முடிவு கையிடம் இருக்கிறது. இங்கே அளவும் வெட்டும் நிறமும் வேறெங்கோ முடிவாகி வருகின்றன. கைக்கு விடப்பட்டிருப்பது வேகம் ஒன்றே. இவ்விரண்டையும் ஒன்றெனப் பாடும் கவிதை அழகாக இருக்கலாம், உண்மையாக இராது.

ஆயினும், அவள் கைக்குரிய முடிவு முற்றிலும் அழிந்துவிடுவதில்லை. பொறியின் காலடியில் விழும் துண்டுத் துணிகளிலிருந்து அது மீண்டும் தொடங்குகிறது. எந்தத் துண்டோடு எதை ஒட்டினால் தலையணை உறையாகும், எது மிதியடியாகும், எது குழந்தைச் சட்டைக்குக் கரையாகும் என்பதை யாரும் வந்து அவளுக்குச் சொல்வதில்லை. பழம் புடவையின் கதையும் இதுவே. உடுத்தி நைந்த நூற்புடவை முதலில் தூளியாகிறது. பின்பு இரண்டு மூன்று புடவைகள் அடுக்கப்பட்டு, ஓட்டுத் தையலால் இணைந்து போர்வையாகின்றன. நைந்த பகுதியை எங்கே மறைப்பது, உறுதியான கரையை எங்கே விளிம்பாக்குவது என்பதில்தான் அதன் இலக்கணம் அடங்கியிருக்கிறது. போர்வையும் கிழிந்தால் அடுப்படியில் கரித்துணி. கடைசியாக எஞ்சும் கீற்று, விளக்குக்குத் திரி.

தெலுங்கில் இத்தகைய ஒட்டுப் போர்வைக்குப் ‘பொந்த’ என்று பெயர். வங்கத்தில் இதுவே ‘காந்தா’. பழம் புடவைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே பூவும் மீனும் கொடியும் தைத்த வங்கப் பெண்களின் வேலை இன்று உலகின் அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அந்தக் காந்தாவும் தமிழில் வழங்கும் ‘கந்தை’யும் ‘கந்தா’ என்னும் ஒரே வடசொல் வழி வந்தவை. ஒரு சொல்லுக்கு இரண்டு தலைவிதிகள். அங்கே அது கலையின் பெயர். இங்கே வறுமையின் பெயர், சில வேளை வசையும்கூட. ‘ஒட்டுப் போட்டது’ என்பதைத் தமிழில் பாராட்டாகச் சொல்பவர் யார்? பெண்கள் அங்கே தைத்தார்கள், இங்கே தைக்கவில்லை என்பதன்று வேறுபாடு. அங்கே யாரோ அதைப் பார்த்தார்கள், பெயரிட்டார்கள், எழுதிவைத்தார்கள். பார்ப்பதும் பெயரிடுவதும் எழுதிவைப்பதும் யாருடைய தொழில்? இந்த அவையில் அமர்ந்திருப்போரின் தொழில்.

எழுதிவைத்தால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சான்று உண்டு. அலபாமா மாநிலத்தில், ஆற்றின் வளைவொன்றில் ‘ஜீஸ் பெண்டு’ என்னும் சிற்றூர் இருக்கிறது. அடிமைகளாய் இருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்து நைந்த உடைகளைக் கிழித்துக் குளிருக்கு ஒட்டுப் போர்வைகள் தைத்தனர். 2002இல் அப்போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் தைத்தவர் பெயரோடு தொங்கின. 2006இல் அவற்றின் உருவங்கள் அஞ்சல்தலைகளாய் வெளிவந்தன. போர்வைகள் முன்பும் அதே அழகோடுதான் இருந்தன. புதிதாகச் சேர்ந்தவை பார்வையும் பெயரும் மட்டுமே.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் முன் வைக்கத்தக்க பணி இதிலிருந்து தெளிவாகும். கைவினையைப் புகழ்ந்து மேலும் சில கவிதைகள் எழுதுவது அன்று அப்பணி. அதனினும் எளியது, அதனினும் கடினமானது. தூளி, கரித்துணி, காஜா, ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், சரம், கண்ணி, பிணையல் என்று ஒவ்வொரு வீட்டிலும் புழங்கும் சொற்களை அவற்றின் செய்முறையோடு தொகுக்க வேண்டும். எந்தப் பூவுக்கு எந்த நார், எந்தத் துணிக்கு எந்தத் தையல் என்பதை அறிந்த மூத்த பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் விடைபெறும்போது அவர்களோடு போவது ஒரு பழக்கம் மட்டுமன்று, ஓர் அகராதியும் ஆகும். அவர்கள் இசைந்தால், சொல்லின் பக்கத்தில் அவர்கள் பெயரும் இடம்பெற வேண்டும். கூலிக்குத் தைப்பவரின் சொற்களும் அத்தொகுப்பில் வரவேண்டும். கூலியைப் பற்றி அவர் சொல்வதும் வரவேண்டும்.

கவிஞர்க்கு இது பிறர்க்குச் செய்யும் உதவி அன்று, பழைய கடன். யாப்பும் தொடையும் பனுவலும் நூலும் கைத்தொழிலோடு பிறந்த சொற்கள். வட்டி கூட இதுவரை கட்டப்படவில்லை. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், இதே மண்ணின் பொற்கொல்லர் ஒருவர், ஊர் உறங்கிய இரவில் எரிந்த ஒரு சிறு விளக்கைக் கண்டு பாடலில் வைத்தார். விளக்கு தமிழுக்குக் கிடைத்தது. அதன் அருகே இருந்தவளின் பெயர் கிடைக்கவில்லை. அவளுடைய பெயரை இனி யாராலும் மீட்க முடியாது. இன்றிரவு விளக்கருகே அமர்ந்து தைத்துக்கொண்டிருப்பவளின் பெயரைக் கேட்டு எழுத முடியும். அடுத்த பத்தாண்டு அதற்குப் போதும்.