கை ஓய்ந்தாலன்றோ கனிவு வரும்?



“ஆஸ்பத்திரி மிஸ்ஸிமார் சிடுசிடுக்கிறார்கள்” என்பது நம்மவர் நாவில் அடிக்கடி வரும் குறை. நாமும் சொன்னவர்கள்தாம். அம்மம்மா வாட்டில் கிடந்த ஓரிரவு, மூன்று முறை அழைத்தும் எவரும் வரவில்லை. கோபத்தோடு தேடிச் சென்றோம். நிறைந்த வாட்டுக்கு இரண்டே தாதியர். ஒருவர் மூச்சுத் திணறிய நோயாளியிடம், மற்றவர் மருந்து வண்டியோடு. திரும்பிவந்து, தண்ணீரை நாமே வார்த்துக் கொடுத்தோம்.

2010இல் இங்கிலாந்தில் 46 ஆஸ்பத்திரிகளின் தாதியரிடம், நேரமின்மையால் எவ்வேலையை விட்டீர்கள் என ஆய்வாளர் வினவினர். 100க்கு 66 பேர், நோயாளியோடு பேசி ஆறுதல் சொல்வதை என்றனர். மருந்து தவறினால் கேள்வி வரும். ஆறுதல் தவறினால் கேட்பார் யார்?

உயிருக்கும் இதில் பங்குண்டு. ஐரோப்பாவில் 9 நாடுகளின் 300 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2014இல் வெளியான முடிவின்படி, தாதிக்கு ஒரு நோயாளி கூடினால், சத்திரசிகிச்சை பெற்றவர் 30 நாளுள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது. கலிபோர்னியாவிலோ 1999இல் சட்டமியற்றி, 2004 முதல் தாதிக்கு இத்தனை நோயாளியென வரம்பிட்டனர்.

ஏசுவது சரியென்று நாம் வாதாடவில்லை. ஆனால் சொறிக்கல்முனையிலிருந்து முறைப்பாடு எழுதும்போது, “மிஸ்ஸி ஏசினார்” என்பதோடு நில்லாது, அன்று எத்தனை நோயாளருக்கு எத்தனை தாதியர் என்பதையும் எழுதுவோம். அக்கணக்கே புதிய நியமனம் கேட்கும் குரலாகும்.