அரிச்சந்திரன் சொன்ன பொய்



நாடகக்காரனை மேடைக்குக் கூப்பிட்டால் பாடச் சொல்வார்கள். நீங்கள் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். எழுபதைத் தாண்டிவிட்டேன், குரல் உடைந்துவிட்டது. அதனால் பேசுவதுதான் நல்லது.

புதுக்கோட்டைச் சீமை நாடகத்துக்குப் பேர்போனது. சினிமாவில் கொடிகட்டிப் பறந்த பி.யு. சின்னப்பா இந்த மண்ணிலிருந்து, பாய்ஸ் கம்பெனி நாடகம் வழியாகப் போனவர்தான். நாங்கள் ஆடியது ஸ்பெஷல் நாடகம். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுத் தந்த பாதை. இதில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் ஒரு ஊர். கோயில் திருவிழாவுக்குத் தேதி வாங்கி, ராத்திரி மேடையில் சந்திப்போம். விடிந்ததும் பிரிந்துவிடுவோம். கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும். வசனம் அவரவர் சாமர்த்தியம்.

நான் ராஜபார்ட். எனக்குப் பேர் வாங்கித் தந்தது அரிச்சந்திர மயான காண்டம். பொய்யே சொல்லாத ராஜா நாட்டை இழக்கிறான், மனைவி மகனை விற்கிறான், கடைசியில் சுடுகாட்டுத் தலைவன் வீரவாகுவிடம் அடிமையாகிப் பிணம் எரிக்கிறான். பாம்பு கடித்துச் செத்த மகனைத் தூக்கிக்கொண்டு சந்திரமதி வருவாள். கால் பணமும் முழத்துண்டும் கொடுத்தால்தான் எரிக்கவிடுவேன் என்று சொந்த மனைவியிடமே கேட்பான். அப்போது ஊரே அழும். சிறுவயதில் இந்த நாடகத்தைப் பார்த்து உருகிப்போனதாகக் காந்தியே எழுதியிருக்கிறார். 1913இல் பால்கே எடுத்த படமும் இதே கதைதான். இந்த நாடே இதைப் பார்த்து அழுதிருக்கிறது.

எங்கள் அப்பா எங்கள் ஊருக்கு வெட்டியான்.

இதை நான் இருபது வருசம் யாரிடமும் சொல்லவில்லை. போகிற ஊரில் சாப்பாடு போடும்போது, "தம்பி எந்த ஊரு, யாரு வீடு?" என்று கேட்பார்கள். முதல் தடவை உண்மையைச் சொன்னேன். விடியும்வரை என் காலில் விழுந்து அழுத ஊர், காலையில் எனக்குத் தனி கிளாசில் டீ கொடுத்தது. அடுத்த வருசம் அந்த ஊரிலிருந்து தேதி வரவில்லை. அதற்கப்புறம் வேறு சாதியைச் சொல்ல ஆரம்பித்தேன். ராத்திரி முழுக்கப் பொய் சொல்லாத ராஜா, விடிந்ததும் பொய் சொல்லிச் சோறு தின்பான். கலைக்குச் சாதி இல்லை என்று மைக்கில் பேசியிருக்கிறேன். அதுவும் பொய்தான்.

ஒரு முறை பக்கத்து ஊரில் ஆட்டம். அப்பா வந்து கூட்டத்துக்குப் பின்னால், இருட்டில் நின்று பார்த்திருக்கிறார். மறுநாள் கேட்டார்: "நீ ஏம்ப்பா அந்த எடத்துல அழுவுற?"

"சோகமான இடம்ப்பா."

"வேல பாக்குறவன் அழ மாட்டான். பொணம் முழுசா வேகுதான்னு ராவெல்லாம் பாத்துக்கிட்டிருக்கணும். துண்டு கேக்குறப்ப குனியாத. அது பிச்ச இல்ல, கூலி."

எனக்கு வாத்தியார்கள் பலர். இந்தப் பாடத்தை யாரும் சொல்லித் தரவில்லை. அதற்கப்புறம்தான் யோசித்தேன். ராஜா கொஞ்ச நாள் செய்த வேலைக்கு ஊரே அழுகிறது. தலைமுறை தலைமுறையாகச் செய்கிறவனுக்கு யார் அழுதார்கள்? ராஜாவுக்குக் கடைசியில் கடவுள் வருவார், நாடு திரும்பக் கிடைக்கும், பிள்ளை பிழைக்கும். சுடுகாட்டுத் தலைவனாக வந்தவன்கூட தருமதேவன்தான் என்று புராணம் சொல்லிவிடும். அந்தக் கதையில் உண்மையான வெட்டியான் ஒருத்தனுமே இல்லை.

அடுத்த ஆட்டத்தில் நிமிர்ந்து நின்று கூலி கேட்டேன். சபையைப் பார்த்துச் சொன்னேன்: "எனக்காக அழுகிறீர்கள். உங்கள் அப்பனையும் ஆத்தாளையும் எரித்தவன் அதோ வெளியே நிற்கிறான். நான் அவன் மகன்." மைக்கை நிறுத்திவிட்டார்கள். பபூன் ஓடிவந்து எதையோ பேசிச் சமாளித்தார். சம்பளத்தில் பாதிதான் கொடுத்தார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பல வருசம் தேதி இல்லை. கடன் வாங்கித்தான் குடும்பம் நடந்தது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, இருபது வருசம் தாமதமாகப் பேசினேன் என்ற வருத்தம்தான் இருக்கிறது.

காலம் மாறிவிட்டது என்பார்கள். 2022 டிசம்பரில் இதே மாவட்டத்தில், வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்தது. விசாரிக்கப் போன கலெக்டர் கண்ணெதிரே டீக்கடையில் இரட்டைக் குவளை, கோயிலுக்குள் நுழையத் தடை. எனக்குக் கிடைத்த அந்தத் தனி கிளாஸ் இன்னும் உடையவில்லை.

தம்பி தங்கச்சிகளே, நாட்டுப்புறக் கலையைக் காப்பாற்ற வேண்டும் என்று நிறையப் பேசுகிறீர்கள். காப்பாற்றுங்கள். அதோடு ஊருக்குப் போனால் ஒன்றைக் கேளுங்கள். உங்கள் ஊரில் பிணம் எரிப்பது யார், அவருக்கு என்ன கூலி, அவர் பிள்ளை என்ன படிக்கிறது? யார் வீட்டுப் பிள்ளை என்று உங்களைக் கேட்டால், என்னைப் போலப் பொய் சொல்லாதீர்கள். அப்படிக் கேட்கிறவர்தான் தலைகுனிய வேண்டும்.

ஜெய்பீம்.