இரசாயனப் பொறியியல் கற்க விழையும் நம் பிள்ளைகள்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கரக்பூர் இரயில்வேக் குடியிருப்பில் வாழும் நமக்கு ஒரு பேறு உண்டு. 1951 ஆம் ஆண்டில் நாட்டின் முதல் ஐ.ஐ.டி. தோன்றியது இவ்வூரிலேதான். ஆதலின் பொறியியற் கல்வியைப் பற்றிய பேச்சு நம் இல்லந்தோறும் நிகழ்கிறது.

"பையன் வேதியியலில் கெட்டிக்காரன்; இரசாயனப் பொறியியலில் சேர்த்துவிடலாம்" என்று பெற்றோர் சொல்லக் கேட்கிறோம். இஃது அரை உண்மையே. ஆய்வுக்கூடத்துக் குடுவையில் ஒரு பொருளை ஆக்கிக் காட்டுபவர் வேதியியலார். அதனையே டன் கணக்கில், கட்டுப்படியாகும் செலவில், விபத்தின்றி ஆக்க வழிவகுப்பவர் இரசாயனப் பொறியாளர். அவருக்குக் கணிதமும் இயற்பியலும் வேதியியலுக்குச் சற்றும் குறையாமல் வேண்டும்.

படிப்பு நான்காண்டு. முதலாண்டில் அடிப்படைப் பாடங்கள். அடுத்து வருவது பொருட்சமநிலைக் கணக்கு. சரக்கு அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு இது புதிதன்று. வந்த சரக்கில் சென்றதைக் கழித்தால் மிஞ்சுவது இருப்பு. ஆலையில் ஒரு பொருள் வேறொன்றாக மாறுவதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், அவ்வளவே வேறுபாடு. பின்னர்த் திரவ ஓட்டம், வெப்பப் பரிமாற்றம், வடித்துப் பிரித்தல், வினைக்கலன் அமைப்பு. இறுதியில் ஓர் ஆலையையே முழுமையாகத் திட்டமிடுதல். முதல் வண்டியைத் தவறவிட்டவருக்கு இணைப்பு வண்டி கிட்டாது. முதலாண்டுக் கணிதத்தில் பின்தங்கியவர் நிலையும் அத்தகையதே.

சேரும் வழி ஒன்றன்று. ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு, அடுத்தடுத்த ஈராண்டுகளில் இருமுறையே எழுதலாம். ஜாதவ்பூருக்கு மேற்கு வங்க நுழைவுத் தேர்வு. சென்னையில் 1944 இல் தோன்றிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரிக்கோ நுழைவுத் தேர்வே இல்லை; பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200க்குக் கணக்கிடுவர். ஆனால் எட்டாம் வகுப்பு முதல் வெளிமாநிலத்தில் பயின்ற நம் பிள்ளைகள், தமிழகத்தைச் சேர்ந்தவர் என்பதற்குப் பிறப்பிடச் சான்று காட்ட வேண்டும். அதனைக் கடைசி நேரத்திற்கு வைத்திராமல் இப்போதே பெற முயலுங்கள்.

பெண்களுக்கு ஆலைப் படிப்பு எதற்கு என்போர்க்கு ஒரு சொல். 2018 முதல் ஐ.ஐ.டி.களில் மாணவியர்க்கெனக் கூடுதல் இடங்கள் உள்ளன. குடிநீர், மருந்து, உரம் யாவும் இத்துறையின் பயனே.

சேமநல நிதி முழுவதையும் பயிற்சி வகுப்புகளிலேயே கரைத்துவிடாதீர்கள். நான்காண்டுக் கட்டணமும் விடுதிச் செலவும் பின்னே காத்திருக்கின்றன. பிள்ளைக்கு விருப்பமில்லையேல் வற்புறுத்தவும் வேண்டா. 1984 இல் போபாலில் நச்சு வாயு பரவிய இரவில், பணியிலிருந்த நம் இரயில்வேத் தோழர்களும் உயிரிழந்தனர். மனம் ஒன்றாதவர் கையில் ஒப்படைக்கத்தக்க தொழில் அன்று இது. விரும்பிக் கற்பவர் கையிலோ அது ஊரைக் காக்கும்.