கரை காக்கும் பொருள்

(ஓரிக்கையில் நிகழ்ந்த தமிழ்ப் பொழிவின் எழுத்து வடிவம்)



திருமழிசையாழ்வாரும் அவர்தம் மாணவர் கணிகண்ணனும் கச்சியை நீங்கி ஓரிரவு தங்கிய இடமாதலின், 'ஓரிரவிருக்கை' என்பதே 'ஓரிக்கை' என மருவிற்று என்பர். அவ்வோரிக்கையினின்று பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்தரமேரூர். குடவோலையால் புகழ்பெற்ற அவ்வூரின் பெயர் மேடைதோறும் ஒலிக்கின்றது. ஆனால், ஓலையெடுத்துத் தேர்ந்தவர்கள் எப்பணியைச் செய்தார்கள் என்பதை எண்ணுவார் சிலரே.

முதற் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் அதனைக் கூறுகின்றன. 921-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர். ஏரி வாரியத்துக்கு அறுவர். பணிக்காலம் 360 நாள். ஏரியைக் காப்பதற்கென்றே தனியொரு குழு! பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் ஓலைக்குத் தகுதியற்றவர் என்பது அன்றைய நெறி.

குழு இருந்தாற் போதுமா? பொருள் வேண்டாவா? அதற்கும் வழி கண்டிருந்தனர். அவ்வூர்ப் பேரேரியைப் பல்லவர் காலக் கல்வெட்டுகள் 'வயிரமேகத் தடாகம்' எனக் குறிக்கின்றன. அதன் தூர் வாருவதற்குக் கொடையாளர் முதல் வைத்தனர். முதலை அழிக்காமல், அதன்வழி வந்த பொலிசையைக் கொண்டு ஆண்டுதோறும் தூர்வாருவது ஏற்பாடு. கரை உடைந்தபின் பணந்தேடி ஓடவில்லை. உடையாதிருக்கவே பணம் வைத்தார்கள்.

உண்மையை மறைத்துப் பெருமை பேசுதல் தமிழர்க்கு அழகன்று. அவ்வூர் பார்ப்பனர்க்கு விடப்பட்ட ஊர். நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே ஓலையில் இடமிருந்தது. ஏரிநீரில் உழுது விளைவித்தவனுக்கு இல்லை. கல்வெட்டு மொழியிலும் வடசொற் கலப்பு மிகுதி. அக்குறைகளைக் களைக, ஆனால் ஏரிக்கு முதல் வைத்த அறிவைக் களைந்துவிடற்க!

இன்றைய நிலை யாது? 'அணைக்கட்டு' என்னும் தமிழ்ச்சொல்லையே ஆங்கிலேயன் 'அனிகட்' எனக் கடன் கொண்டான். சொல்லைக் கடன் கொடுத்த இனம், அணையைப் பேணுதற்குப் பணத்தைக் கடன் வாங்குகின்றது. அணைகளைச் செப்பனிட்டு மேம்படுத்தும் திட்டத்தின் முதற் கட்டம், உலக வங்கிக் கடன் துணையுடன் 2012 முதல் 2021 வரை நடைபெற்றது. தமிழ்நாடு உள்ளிட்ட 7 மாநிலங்களில் 223 அணைகளுக்கு ஏறத்தாழ 2,567 கோடி உருபா செலவாயிற்று. அடுத்த இரு கட்டங்களுக்கு 10,211 கோடி உருபாவை நடுவணரசு 2020-இல் ஒப்பியது. அதில் 7,000 கோடி அயற்கடன். செப்பனிட்டது நன்றே, எவரும் மறுக்கவில்லை. ஆயினும், ஆண்டுதோறும் சிறுகச் சிறுகச் செய்ய வேண்டிய பணியைப் பல்லாண்டு தள்ளிவைத்துப் பின் கடன் வாங்கிச் செய்வது வீட்டரசிக்கும் ஒவ்வாத கணக்கன்றோ?

தள்ளிப்போட்டதன் விலையைக் காவிரி காட்டிற்று. 1836-இல் தொடங்கிக் கட்டப்பெற்ற முக்கொம்பு மேலணையில், 2018 மடங்கல் (ஆவணி) வெள்ளத்தில் கொள்ளிடப் பகுதியின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. புதிய கதவணைக்கு ஏறத்தாழ 387 கோடி உருபா ஒதுக்க நேர்ந்தது. 2022 கன்னித் (புரட்டாசி) திங்களில் பரம்பிக்குளம் அணையின் மதகுக் கதவொன்று பெயர்ந்து விழ, தேக்கிய நீர் வீணே ஓடிற்று. நீரின்றி வாடும் நாட்டில் இஃது எத்துணைப் பேரிழப்பு!

காப்பதற்கு மட்டுமன்று, நீக்குதற்கும் பொருள் வேண்டும். தென்பெண்ணையின் குறுக்கே 1950-ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்ட எல்லீசு சத்திர அணைக்கட்டு, 2021 துலைத் (ஐப்பசி) திங்கள் வெள்ளத்தில் உடைந்தது. ஆறு திசைமாறிக் கரையை அரிக்கவே, எஞ்சிய சுவரின் பகுதியை வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. அதே ஆற்றில் தளவானூரில் ஏறத்தாழ 25 கோடியில் 2020-இல் எழுப்பிய தடுப்பணையோ, 2021 சுறவத்திலேயே (தை) உடைந்தது. முன்னது முதுமையால் தளர்ந்தது. பின்னது ஓராண்டும் நில்லாதது. இரண்டிலும் இழந்தவன் உழவனே.

அமெரிக்காவில் எல்வா ஆற்றின் இரு பழைய அணைகளை நீக்க 1992-இல் சட்டமியற்றினர். ஆய்ந்து, பொருள் ஒதுக்கி, 2011-இல் தொடங்கி 2014-இல் அகற்றி முடித்தனர். அமைதியில் திட்டமிட்டு அகற்றுவது அறிவு. வெள்ளத்தின் நடுவே வெடிவைப்பது இடுக்கண்.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம், அணையை உடையவர் பேணுதற்கும் பழுது நீக்குதற்கும் போதிய பொருளைத் தனியே ஒதுக்க வேண்டும் என்கின்றது. ஆனால் அச்சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயர்ந்த அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உயர்ந்தவற்றுள் குறித்த தகுதியுடையனவற்றுக்குமே உரியது. கச்சிப் பகுதியின் ஏரிக்கரைகளும் கலிங்குகளும் ஆற்றின் சிறு தடுப்பணைகளும் அவ்வரம்புக்குள் வாரா. உழவன் உயிர்வாழ்வதோ பெரும்பாலும் அச்சிறியவற்றால்!

ஆதலின் வேண்டுவன இவை. ஏரியாயினும் அணையாயினும், கட்டும் நாளிலேயே அதன் பேணலுக்கென ஒரு முதல் வைத்தல் வேண்டும். அம்முதல் வேறெதற்கும் திருப்பப்படலாகாது. ஆண்டுதோறும் கோடையில் கரை, தூம்பு, மதகு, கலிங்கு அனைத்தையும் ஆய்ந்து, பழுதை மழைக்கு முன்னரே நீக்குதல் வேண்டும். பயனற்றுத் தளர்ந்ததை அகற்றுதற்கும் பொருள் ஒதுக்குதல் வேண்டும். ஆய்வறிக்கையும் செலவுக் கணக்கும் நல்ல தமிழில் எழுதப்பெற்று, ஊரவையில் படிக்கப்பட்டு, கரையிலேயே பலகையில் நிறுத்தப்படுதல் வேண்டும்.

இறுதியாகக் கூறியதைச் சிறிதென எண்ணற்க. ஏரியின் காவல் ஏற்பாட்டை உத்தரமேரூரார் ஊர் நடுவே கோயிற் சுவரில் வெட்டிவைத்தனர். எழுத்தறிந்த எவனும் படிக்கலாம். இன்றோ, கரை விரிசலைப் பற்றிய அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு அலுவலகப் பேழையில் உறங்குகின்றது. கரையடியில் வாழ்பவனுக்கு அது தெரியாது. தன் தலைமேல் நிற்கும் நீரின் நிலையைத் தன் மொழியில் அறியமுடியாதவன், காக்க எழுவது எங்ஙனம்?

கரையைக் கேளுங்கள், கணக்கைக் கேளுங்கள், இரண்டையும் தமிழில் கேளுங்கள்!