ஓக் மேசைக்குக் கடைசி வேலை

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தம் கையாலேயே மேசை, நாற்காலி செய்துகொள்கிறவர்கள் பலர் விரும்பி எடுக்கும் மரம் ஓக். அறுத்தாயிற்று, இழைத்தாயிற்று, பொருத்தியும் ஆயிற்று. இனி உப்புத்தாள் போட்டு எண்ணெய் பூசினால் தீர்ந்தது என்று தோன்றும். ஓக் அவ்வளவு சுலபத்தில் விடுகிற மரமல்ல.

உப்புத்தாள் விஷயம் சின்னதுதான். 80-ஆம் நம்பரில் தொடங்கி, 120, பிறகு 180. நடுவில் ஒன்றைத் தாவினால் முந்தைய தாளின் கீறல் தங்கிவிடும். எண்ணெய் பட்டதும் பல்லிளிக்கும். தேய்ப்பது ரேகை ஓடும் திசையில். 180-ஓடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் தேய்ப்பது பெரும்பாலும் கைவலிக்குத்தான்.

இரும்பு நாரை மட்டும் பக்கத்தில் சேர்க்காதீர்கள். ஓக்கில் டானின் என்னும் துவர்ப்புச் சத்து அதிகம். இரும்புத் துகளும் கொஞ்சம் ஈரமும் சேர்ந்தால் போதும், கறுப்புப் புள்ளிகள் எழும். நம் கலம்காரிக்காரர்கள் கடுக்காயையும் இரும்பையும் கூட்டிக் கறுப்பு எடுக்கிறார்களே, அதே வித்தை. அங்கே கலை, இங்கே கறை!

இதே துவர்ப்பை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மரச்சாமான் தயாரிப்பாளர் கஸ்டவ் ஸ்டிக்லி தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார். ஓக் சாமான்களை மூடிய இடத்தில் அம்மோனியா ஆவி படும்படி வைத்தார். சாயம் தொடாமலே மரம் பழுப்பேறியது. வீட்டில் முயல வேண்டாம், அந்த ஆவி நுரையீரலையும் விடாது.

இனி எண்ணெய். ஆளி விதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். பலகையில் அது பரவிப்போகும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் சூடு உள்ளேயே சேரும். தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரி 23 அன்று பிலடெல்பியாவின் 38 மாடி 'ஒன் மெரிடியன் பிளாசா' எரிந்தது இப்படித்தான். மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் 22-ஆவது மாடியில் விட்டுப்போன எண்ணெய்த் துணிகளில் கிளம்பிய தீ. தீயணைப்பு வீரர்கள் மூவர் இறந்தனர்.

ஆகவே பூசி முடித்ததும் துணியை வெளியே ஒற்றையாக விரித்துப் போடுங்கள். இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த தகர டப்பாவில் அமுக்கி மூடிவையுங்கள். விரித்த துணி விறைத்துக் காய்ந்த பிறகே குப்பைக்கு. மேசைக்கு அடுத்த பூச்சு, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு.